பாத்திர நோட்டில் ஏறிய பரம இரகசியம்

அரசாங்கத்தின் இரகசியங்களை அடுக்கி வைக்கப் பதினாலு டிரங்குப் பெட்டி போதும் என்பது சின்னக்கண்ணுவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. அவருடைய கெட்ட நேரம், தெரிந்துவிட்டது. தெரிந்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எண்ணி, எழுதியும் வைத்துவிட்டார்.

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையில் இருக்கும் தமிழ்மணி திருமண மாளிகையில் அவருக்குப் பத்தொன்பது வருஷமாக வேலை. மாளிகையைக் கட்டியவர், அதற்குப் பெயர் வைத்தவர், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எல்லாமே மாண்புமிகு அமைச்சர் தமிழ்மணிதான். சின்னக்கண்ணுவின் அறைக் கதவில் ‘மேலாளர்’ என்று எழுதியிருக்கும். அதை நம்பி உள்ளே போனால் உட்கார நாற்காலி இருக்காது. மோட்டார் போடுவது, கதவு திறப்பது, கை கழுவுகிற இடத்தில் அடைப்பு எடுப்பது போக, அவருடைய பெரிய உத்தியோகம் பாத்திரம். கல்யாண வீட்டார் ஸ்டோர் ரூமிலிருந்து எடுக்கிற அண்டா, தவலை, கரண்டி, சல்லடை அத்தனையும் பாத்திர நோட்டில் ஏற வேண்டும். எடுக்கும்போது அவர்கள் கையெழுத்து, திரும்பி வரும்போது இவர் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூடி போட்டு வந்த தவலை ஒன்றை அப்படியே வாங்கி வைத்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் திறந்து பார்த்தால் அடியில் ஒரு கை நுழைகிற ஓட்டை. சமையல்காரர்கள் முன்னிலையில் தமிழ்மணி வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அவர் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்று பிடித்த பழக்கம், மூடியைத் திறந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை, பார்த்ததை எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை. இப்படி ஒழுங்காக வேலை செய்கிறவனைத்தான் நம் நாட்டில் முதலில் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

போன வருஷம் ஆனி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை தமிழ்மணியை அமைச்சரவையிலிருந்து கழற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வேன் மாளிகையின் பின்வாசலில் வந்து நின்றது. தமிழ்மணியின் உதவியாளர் சீனுவாசன் இறங்கி, பெட்டிகளை ஜல்தியாக உள்ளே வைக்கச் சொன்னார். சின்னக்கண்ணு பாத்திர நோட்டோடு வந்து, திறந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். சீனுவாசன் அப்போது போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் போனில் இருந்தவருக்கா, சின்னக்கண்ணுவுக்கா என்ற கேள்வி பிற்பாடு நீதிமன்றத்தில் பதினோரு வாய்தா ஓடியது.

சின்னக்கண்ணு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார், கட்டுகளை எண்ணினார், பிரித்துப் பார்க்கவில்லை. அட்டையில் இருந்ததை மட்டும் எழுதினார். ‘பெட்டி 1: சிவப்பு நாடா போட்ட கட்டு 18, எல்லாவற்றிலும் மிக இரகசியம் என்று முத்திரை, ஒன்றில் மட்டும் நாடாவுக்குப் பதில் சணல். பெட்டி 4: கட்டு 22, மூன்றில் காப்பிக் கறை. பெட்டி 6: கட்டு 9, படித்தவுடன் அழித்துவிடவும் என்று எழுதியிருக்கிறது, அழிக்கப்படவில்லை. பெட்டி 11: கொண்டி உடைந்துள்ளது. ஆக மொத்தம் கட்டு 231. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ கீழே கையெழுத்து. பெட்டிகளைப் பெரிய அண்டாக்களுக்குப் பின்னால் அடுக்கிவிட்டு, ரசம் வைக்கிற குண்டான் இரண்டு குறைகிறதே என்ற கவலையில் மூழ்கிப்போனார்.

மார்கழியில் மண்டபம் காலியாக இருந்த ஒரு காலைப்பொழுதில் இரண்டு ஜீப் வந்தது. இறங்கியவர் இரகசிய ஆவண மீட்புப் பிரிவின் தனி அலுவலர் திருமுருகன். கூட ஏழு பேர். சின்னக்கண்ணுவிடம் சில பொருட்கள் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்றார்.

“இன்னா பொருள் சார்?”

“அத சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நீங்களா சொன்னா நான் கேட்டுக்கலாம். ஆனா நீங்க சொன்னீங்கன்னா அது குத்தம்.”

 சின்னக்கண்ணு சாவிக்கொத்தை அப்படியே நீட்டிவிட்டார். பெட்டிகள் கண்ணில் பட்டதும் திருமுருகன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மிக இரகசியம் என்று முத்திரை போட்டதைப் பார்க்கிற தகுதி அவருக்கு இல்லையாம். வெறும் இரகசியம் வரைக்கும்தான் அவர் பார்க்கலாம். தூக்க வந்த ஏழு பேருக்கு அதுவும் கிடையாது. ஆகையால் ஏழு பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே பெட்டிகளைத் தூக்கினார்கள். நாலாவது படியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. கொண்டி உடைந்த பெட்டி திறந்துகொண்டு கட்டுகள் சிதறின. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துழாவிப் பொறுக்கியதில், பந்தியில் விரிக்கிற பேப்பர் ரோல் ஒன்றும் அரசு ஆவணமாகப் பெட்டிக்குள் போனது.

அதோடு போயிருப்பார்கள். ஆணியில் தொங்கிய பாத்திர நோட்டைத் திருமுருகன் சும்மா புரட்டினார். பாதிப் பக்கம் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“யோவ், இன்னா காரியம் பண்ணி வச்சிக்கினு இருக்க நீ? ரகசிய ஃபைலுக்கு லிஸ்ட் போட்டிருக்கியே. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு லிஸ்ட் பாத்ததில்ல. லிஸ்ட் இருந்தா எது காணாமப் போச்சுன்னு தெரிஞ்சிடும். எது காணாமப் போச்சுன்னு தெரிஞ்சா யாரு பொறுப்புன்னு கேப்பான். அப்பறம் டிபார்ட்மெண்டுல ரகசியத்துக்கு இன்னா மரியாதை இருக்குது?”

பாத்திர நோட்டையும் ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அண்டா, கரண்டிக் கணக்கெல்லாம் அதே நோட்டில்தான் இருக்கிறது, தை மாசம் கல்யாணம் வருகிறது என்று சின்னக்கண்ணு கெஞ்சினார். நோட்டு முழுவதுமே இப்போது மிக இரகசியம், கரண்டிகளும் அதில் சேர்த்திதான் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது.

பத்தாம் நாள் சம்மன் வந்தது. முதல் குற்றவாளி முன்னாள் அமைச்சர் தமிழ்மணி, இரண்டாம் குற்றவாளி சின்னக்கண்ணு. பேப்பரிலும் போட்டார்கள். டீக்கடையில் அதுவரை சின்னக்கண்ணாக இருந்தவர் ஏ-டூ ஆகிவிட்டார். ஏ-டூவுக்கு ஒரு டீ, சக்கரை கம்மி என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் அவர் போலீஸ் நிற்கிறதா என்று சாலையைத் திரும்பிப் பார்ப்பார். ஏழு வருஷத்திலிருந்து பதினாலு வருஷம்வரை உள்ளே போடலாம் என்று யாரோ சட்டம் படித்தவர் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வயசு ஐம்பத்தாறு. ராத்தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால்கூட ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி வீரம்மாள் கடலை மில்லுக்கு மல்லாட்டை உடைக்கப் போகிறவள். எதையும் சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“ஏங்க, அண்டா எண்ணுற ஆளுக்கு கவர்மெண்டு ரகசியம் எப்படிங்க தெரிஞ்சிச்சு?”

“எண்ணித்தான் தெரிஞ்சிச்சு.”

“இன்னா ரகசியம்?”

சொன்னால் அவள் மூன்றாம் குற்றவாளி ஆகிவிடுவாள் என்று சின்னக்கண்ணு பயந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததும் அவருக்குப் பயமாக இருந்தது.

இந்த வழக்குக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றத்தை விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மாடியில் வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். சின்னக்கண்ணுவுக்காகக் கண்டாச்சிபுரத்துக்கார வக்கீல் பிரபாவதி வந்தாள். சின்ன வயசு, நல்ல பெண். எதற்கும் பயப்படாதீங்கண்ணே என்று அவள் முதல் நாள் சொன்னாள். அதன்பிறகு அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

தமிழ்மணிக்குச் சென்னையிலிருந்து பெரிய வக்கீல் ராஜாமணி வந்திருந்தார். அவர் மூன்று வாதங்களை ஒரே மூச்சில் வைத்தார். அப்படிப்பட்ட கோப்புகள் உலகத்திலேயே இல்லை. இருந்தாலும் அவை என் கட்சிக்காரரின் சொந்த நாட்குறிப்புகள். சொந்தமில்லை என்றாலும் அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தவர் இரண்டாம் குற்றவாளி. நீதிபதி மூன்றையும் குறித்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று முட்டுகிறதே என்று பிரபாவதி எழுந்தாள். முட்டுவது எனக்கும் தெரிகிறது, ஆனால் முட்டக்கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜாமணி அதோடு விடவில்லை. “மை லார்ட், அரசுத் தரப்பு சொல்ற லிஸ்ட் எங்க இருக்கு? பாத்திர நோட்டுல. பாத்திர நோட்டுல என்ன ஏறும்? பாத்திரம். ஆக அதெல்லாம் பாத்திரம். என் கட்சிக்காரர் ஒரு மக்கள் தொண்டர், ஏழைங்க கல்யாணத்துக்குப் பாத்திரம் குடுத்ததுக்கா இந்தத் தண்டனை?” என்றார். பின்வரிசையில் தமிழ்மணியின் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அரசு வக்கீல் எந்தெந்தக் கோப்பு என்று வாயால் சொல்ல முடியாது என்று மூடி முத்திரையிட்ட உறை ஒன்றைக் கொடுத்தார். நீதிபதி கிழித்தார். உள்ளே இன்னொரு உறை இருந்தது. அதன் மேல், இதைத் திறக்க நீதிபதிக்கு அனுமதி கேட்டுத் தலைமைச் செயலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை என்று குறிப்பு. நீதிபதி அதைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, சாட்சியத்தில் கனம் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார்.

பிறகு சின்னக்கண்ணுவைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆறாம் பெட்டியில் எத்தனை கட்டு என்று கேள்வி. அவர் வாயைத் திறந்தவுடனே அரசு வக்கீல் ஆட்சேபித்தார், சாட்சி அரசு இரகசியத்தைப் பொதுவில் சொல்லப் போகிறார் என்று. உடனே அறையைக் காலி செய்தார்கள். பார்வையாளர்கள் போனார்கள், பத்திரிகைக்காரர்கள் போனார்கள். தட்டச்சருக்கு அனுமதி இல்லாததால் அவரும் போனார். கடைசியில், இரண்டாம் குற்றவாளிக்கும் அனுமதி இல்லை என்று கண்டுபிடித்து அவரையும் வெளியே அனுப்பினார்கள். உள்ளே அவருடைய சாட்சியம் இரண்டு மணி நேரம் நடந்தது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, தான் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிரபாவதி, நீங்கள் நன்றாகவே சாட்சி சொன்னீர்கள், ஒரே ஒரு இடத்தில்தான் உளறிவிட்டீர்கள் என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டார். அதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லையண்ணே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். அட்டைகளைப் பார்த்தது குற்றம் என்றால், பார்த்த தேதிக்கு முன்தேதியிட்டு அனுமதி வாங்கிவிட்டால் குற்றமே இல்லை. விதியில் இடம் இருந்தது. விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். எதைப் பார்ப்பதற்கு அனுமதி வேண்டும் என்ற கட்டத்தில் ‘ஏற்கெனவே பார்த்தவை’ என்று நிரப்பினார்கள். வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது, இதே வழக்கு. விண்ணப்பம் தள்ளுபடியானது. பார்த்தேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று அந்த விண்ணப்பத்தையே அரசுத் தரப்பு சான்று ஆவணமாகத் தாக்கல் செய்தது. அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சின்னக்கண்ணு திண்டிவனம் பஸ் என்று நினைத்துத் திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழி தெரிந்த மனுஷன். அந்த அளவுக்குப் பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

ஆவணி பிறந்ததும் அரசியலில் காற்று மாறியது. தமிழ்மணியை அரசாங்கத்துக்குச் சிறப்பு ஆலோசகராக நியமித்தார்கள், அமைச்சர் அந்தஸ்தோடு. மறுநாளே மீட்புப் பிரிவு பதினாலு பெட்டிகளையும் அவரிடம் ஒப்படைத்தது. ஆலோசனை சொல்கிறவருக்குக் கோப்பு வேண்டாமா? ஒப்படைப்பை விழாவாகவே கொண்டாடினார்கள், அதே மாளிகையில். நாற்காலி போட்டவர் சின்னக்கண்ணு. மைக்கைப் பிடித்தவர் திருமுருகன்.

“ஐயா கையில இருந்தவரைக்கும் இந்தக் கோப்புங்க பத்திரமா இருந்துச்சு. நடுவுல எங்க ஆபீசுக்கு வந்த எட்டு மாசம்தான் எங்களுக்குப் பயமா இருந்துச்சு. மழையில நாலு கட்டு நனைஞ்சிச்சு, எலி ஒரு கட்டத் தின்னுடுச்சு. இன்னா தின்னுச்சுன்னு படிச்சிப் பாக்கவும் எங்களுக்குத் தகுதி இல்ல. இன்னிக்கு உரியவர்கிட்ட குடுத்துட்டோம், நிம்மதி.” சொல்லிவிட்டுத் தமிழ்மணிக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

இறங்கிப் போகும்போது தமிழ்மணி, நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவின் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்காக அவர் எட்டு மாசமாகக் காத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ்மணி கனிவாகச் சொன்னார், “பயப்படாத சின்னக்கண்ணு. சட்டம் தன் கடமையைச் செய்யும்.”

அந்தக் கனிவான குரலைக் கேட்டபோது வந்த பயம்தான் அதுவரை வந்ததிலேயே பெரியது.

ஒரே வாரத்தில் முதல் குற்றவாளி மீதான வழக்கை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டாம் குற்றவாளி மீதான வழக்கையும் திரும்பப் பெறுங்கள் என்று பிரபாவதி கேட்டாள். திரும்பப் பெறுவதற்கு ஒரு விண்ணப்பம் வேண்டும், அதை ஆலோசகர்தான் கொடுக்க வேண்டும், ஆலோசகருக்கு வழக்கோடு இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார்கள். ஆக, ஒரு பெரிய அரசாங்கமும் ஒரு பெரிய தலைவரும் மோதிய வழக்கில் கடைசியில் மிச்சம் நின்றது, மூடியைத் திறந்து பார்த்தவர் ஒருவர்தான்.

தீர்ப்பு நாளன்று வீரம்மாளும் வந்தாள். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த வழக்கு ரகசிய ஆவணங்களைப் பற்றியது. ஆகவே இதன் தீர்ப்பும் ரகசியம். குற்றவாளியா, நிரபராதியா என்பது இந்த உறைக்குள் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளும் தகுதி இரண்டாம் குற்றவாளிக்கு இல்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நீதி வழங்கப்பட்டது.”

எழுந்து போய்விட்டார். குமாஸ்தா அரக்கு வைத்த உறையைக் கொண்டுவந்து சின்னக்கண்ணுவின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். திறந்து பார்க்கலாமா என்று சின்னக்கண்ணு கேட்டார். திறந்தால் அது புது கேஸ் என்றார் குமாஸ்தா. வீட்டுக்காவது போகலாமா என்று கேட்டார். போகலாம் என்று சொன்னால் விடுதலை என்று நான் சொன்னதாக ஆகிவிடும், போகக்கூடாது என்றால் தண்டனை என்று ஆகிவிடும், இரண்டில் எதையும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று குமாஸ்தா ரொம்ப மரியாதையாகவே பதில் சொன்னார்.

பிரபாவதி படிக்கட்டில் நின்றிருந்தாள். தண்டனை என்றால் முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும், விடுதலை என்றால் அப்பீல் போடுவது நீதிமன்ற அவமதிப்பு. “எனக்கும் ஒண்ணும் தெரியலண்ணே. வக்கீலாகி ஆறு வருஷம் ஆச்சு. ஜெயிச்சனா தோத்தனான்னே தெரியாம வெளிய வர்றது இதான் மொத தடவ” என்றாள்.

வீட்டுக்கு வந்து வீரம்மாள் ஒரு பையில் இரண்டு லுங்கி, துண்டு, பல்பொடி, பிரஷர் மாத்திரை எடுத்து வைத்தாள். போலீஸ் வந்தால் தண்டனை, வராவிட்டால் விடுதலை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஆனால் எத்தனை நாள் வராவிட்டால் விடுதலை? சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் சின்னக்கண்ணு பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். வண்டி போய்விட்டால் உள்ளே வந்து உட்காருவார். மரக்காணம் சாலையில் வண்டிக்குப் பஞ்சமே இல்லை.

ஒன்பதாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, நேராக ஜெயிலுக்கே போய்விட்டார். வாசலில் இருந்த வார்டர் சகாயராஜ் இரக்கமுள்ள மனிதர். முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இங்க ஒரு ஆளு உள்ள இருக்கானா இல்லியான்னு தெரியணும்னா மனு போட்டுத்தான் பாக்கணும். வேற வழி இல்லீங்க. எழுதிக் குடுங்க, உள்ள போய்க் கேட்டுக்கினு வர்றேன்.”

பார்வையாளர் மனுவை நீட்டினார். சின்னக்கண்ணு சுவரில் வைத்து எழுதினார். பார்க்க வந்தவர் பெயர்: சின்னக்கண்ணு. பார்க்க வேண்டியவர் பெயர்: சின்னக்கண்ணு. உறவுமுறை என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ‘தெரிந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

சகாயராஜ் உள்ளே போனார். முக்கால் மணி நேரம் ஆனது. சின்னக்கண்ணு பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை, இப்படி நிற்பதாவது முடிந்துவிடும் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டார். நினைத்ததற்காகவும் பயந்தார்.

இரும்புக் கதவின் சின்ன வாசல் திறந்தது. சகாயராஜ் மனுவில் சீல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“நல்லா பாத்துட்டேங்க. அந்த ஆளு இன்னும் வரல. செவ்வாக்கெழமதான் புது ஆளுங்கள கொண்டாருவாங்க, அன்னிக்கு வந்துருவாருன்னு நெனைக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கெல்லாம் சின்னக்கண்ணு வந்துவிட்டார்.